ஒற்றைமணிக் கிடா

என் பெயரைச் சொல்லித்தான் அந்தக் கிடாவைக் கொண்டுபோனார்கள் என்பது எனக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நான்கு மாதமும் கொண்டுபோனவளின் ஸ்கூட்டரில்தான் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். மதியம் ஏதாவதொரு ரப்பர் மரத்தடியில் இருவரும் ஒரே பொதிச்சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவோம். மீன் பொரித்ததில் நடுத்துண்டை அவள் எனக்கு ஒதுக்கி வைப்பாள்.

அவளும் நானும் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அதன்பிறகு அவள் கால்நடை சம்பந்தமான படிப்புக்குப் போனாள். நான் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போட உட்கார்ந்தேன். அவளுக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளை அமைந்தது, அங்கேயே பிளாட்டில் குடியேறினாள். எனக்கு ஒரு கொத்தனார், ஊரோடு இருந்துவிட்டேன். கடையை முதலாளியின் பிள்ளைகள் பங்கு பிரித்தபோது பழைய ஆட்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்போது தேடி வந்தவள் அவள்தான். மாவட்டத்தின் நாட்டு ஆடுகளைப் பற்றி ஒரு குழு கணக்கெடுக்கிறது, வீடு வீடாகப் போய் அளந்து எழுத ஆள் வேண்டும், நானே மேற்பார்வை, நீ வா என்றாள். எனக்கு அந்தப் படிப்பு கிடையாதே என்றேன். படிப்பு எதுக்கு, உனக்கு ஆடு தெரியுமே என்றாள்.

அது உண்மைதான். எங்கள் வீட்டில் எப்போதும் இரண்டு ஆடு உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வழியில் கட்டியிருக்கும் ஆட்டைப் பார்த்து, இது இன்ன வீட்டு ஆட்டின் குட்டி என்று நான் சொல்வேன், அவள் ஆச்சரியப்படுவாள். அதை அவள் இருபது வருஷமாக ஞாபகம் வைத்திருந்தாள் என்பதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு படிவம், ஒரு அளவுநாடா, கொக்கியில் மாட்டும் தராசு, ஆட்டைத் தூக்க ஒரு சாக்குத் தொட்டில். நிறம் என்ன, காது நிற்கிறதா தொங்குகிறதா, கொம்பு பின்னால் வளைகிறதா பக்கவாட்டில் விரிகிறதா, தாடி உண்டா, கழுத்தில் மணி உண்டா. மணி என்பது கழுத்துக்குக் கீழே விரல்போல் தொங்கும் சதை. சில ஆடுகளுக்கு ஜோடியாக இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. பிறகு தோள் உயரம், உடம்பு நீளம், மார்புச் சுற்று. பல்லைப் பார்த்து வயது. அதன்பிறகு வீட்டுக்காரரிடம் கேள்விகள்: எங்கே கட்டுகிறீர்கள், என்ன கொடுக்கிறீர்கள், ஒரு ஈத்துக்கு எத்தனை குட்டி, எத்தனை செத்தது, இணை சேர்க்க எங்கே கொண்டுபோகிறீர்கள்.

பத்து சென்ட், இருபது சென்ட் நிலத்தில் மரச்சீனிக் கிழங்கும் வாழையும் நாலு ரப்பரும் வைத்திருக்கிற வீடுகள். ஆடுதான் அவசரத்துக்கு உதவும் சொத்து. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். பலா மரத்திலிருந்து பிலா இலையை ஒடித்துக் கட்டித் தொங்கவிடுவார்கள். கஞ்சித்தண்ணீரில் புண்ணாக்கைக் கரைத்து வைப்பார்கள். மரச்சீனி இலையை மட்டும் பச்சையாகத் தின்ன விடமாட்டார்கள், தின்றால் வயிறு ஊதி ஆடு செத்துப்போகும். நம்மூர் மழைக்கு ஆட்டின் குளம்பு நனைந்தபடி இருந்தால் அழுகிவிடும் என்பதால் கமுகு மரத்தை வாரிகளாகப் பிளந்து இடைவெளி விட்டு அடித்து, தரைக்கு மேலே ஆளுயரத்தில் பாதி உயர்த்திப் பரண் கட்டியிருப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழும், அதை வாரி வாழைக்குப் போடுவார்கள்.

கிழக்கே மலையடிவாரத்துக்குப் போகப் போக ஆடுகள் மாறுவதைக் கண்டேன். டவுனுக்குப் பக்கத்தில் எல்லாம் கலப்பு. நீண்ட காது, நீண்ட கால், நல்ல பால், ஆனால் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கினால் இருமல். கிழக்கே இருந்தவை குட்டையானவை. இரண்டடிக்குக் குறைவான உயரம், கறுப்பு, முடி குட்டையாக எண்ணெய் தேய்த்ததுபோல் இருக்கும். மழையில் நனைந்து வந்து ஒரு உதறு உதறினால் காய்ந்துவிடும். குளம்பு கல்போல இருக்கும். அவற்றுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கேட்டால், “சும்மா நாட்டாடு” என்பார்கள்.

அந்தக் கிடாவைக் கண்டது வெள்ளறடைக்கு அப்பால், பாறை ஏறிப் போகிற ஒரு வீட்டில். வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். விடியற்காலையில் பிறர் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போவாள். திரும்பி வந்து ஆட்டைப் பார்ப்பாள். புருஷன் கொல்லத்துப் பக்கம் கிணறு வெட்டும் வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஐந்து பெட்டையும் ஒரு கிடாவும் வைத்திருந்தாள். சுற்றுவட்டாரத்தில் நாட்டுக்கிடா என்று இருந்தது அது ஒன்றுதான். இரண்டு மூன்று மலை தாண்டிக்கூடப் பெட்டை ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அதற்கு அவள் காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் ஒரு கட்டு பிலா இலையோ ஒரு சீப்புப் பழமோ கொண்டுவந்து பரணில் வைத்துவிட்டுப் போவார்கள்.

கிடா கன்னங்கறுப்பு. வெயில் படும் விலாப்பகுதியில் மட்டும் லேசாகத் துரு ஏறியதுபோல் ஒரு பழுப்பு. பிடரியில் மயிர் குத்திட்டு நிற்கும். கொம்பு பின்னால் போய் நுனியில் விரிந்திருந்தது. இடது காது நுனியில் நாய் கடித்து ஒரு வெட்டு. கழுத்தில் மணி ஒன்றே ஒன்று, வலது பக்கம். அத்தனை ஆடு அளந்தும் ஒற்றை மணி உள்ளதை நான் கண்டது அதில் மட்டும்தான். மார்புச் சுற்றை இரண்டு தடவை அளந்தேன், அவ்வளவு உயரத்துக்கு அந்த மார்பு எப்படி என்று நம்பமுடியாமல்.

அளக்கவிட அக்காவுக்கு மனமில்லை. யார் எழுதச் சொன்னது, எழுதி என்ன செய்வார்கள், பிறகு வந்து பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பஞ்சாயத்திலிருந்து ஒருமுறை நாய்களை எழுதிக்கொண்டு போனார்கள், பிறகு ஒருநாள் வண்டியில் வந்து பிடித்தார்கள் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“ஒண்ணும் கொண்டு போவமாட்டாவ எக்கா. நான் எழுதிற்றுப் போவேன், அவ்வளவுதான். எனக்க வாக்காக்கும்.”

அதன்பிறகு அவளே கிடாவின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். மரச்சீனி அவித்துக் காந்தாரி மிளகாய் நசுக்கி வைத்தாள். தின்றபடி பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்து பெட்டைகளில் இரண்டு இந்தக் கிடாவுக்கே பிறந்தவை என்று தெரிந்தது. அந்த இரண்டையும் இதோடு சேர்க்காமல் இருப்பது நல்லது, வேறு கிடா கிடைக்குமா என்று பாருங்கள் என்றேன். எனக்கும் தெரியும் பிள்ளே, அதுகளை அந்தச் சமயத்தில் வேறே கட்டுவேன் என்றாள். படிவத்தின் கடைசியில் குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கும். அதில், “பெட்டைகளில் இரண்டு இதன் மக்கள்” என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் முழு வழியும் அந்தக் கிடாவைப் பற்றியே பேசினேன். என் பள்ளிக்கூடத்துக் கூட்டுக்காரி அன்று வேறு வீட்டுக்குப் போயிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. வண்டியை அமரவிளையில் ஒரு டீக்கடையில் நிறுத்தி, போனில் நான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இதைவிட நல்லது வேறு எங்கே பார்த்தாய் என்று கேட்டாள். நான் ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். எந்தப் பெட்டை மூன்று குட்டி போடும், எந்தக் கிடாவுக்கு எலும்பு கனம், எது நோயே அறியாதது என்றெல்லாம். தப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று அந்த வட்டத்தின் படிவங்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம், கிழக்கு வட்டத்தை இனி நானே பார்த்துக்கொள்கிறேன், நீ மேற்கே போ, மற்ற நாள் நானும் கூட வருவேன், உனக்கும் வீட்டுக்குச் சீக்கிரம் போகலாம் என்றாள். என் மேல் எவ்வளவு கரிசனம் என்று நினைத்தேன். என் வீட்டுக்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஐப்பசியில் துலாமழை தொடங்கிய சமயம் குட்டிகளை இரண்டாம் முறை எடைபோட வேண்டியிருந்தது. அவளுக்கு அந்த வாரம் காய்ச்சல். நான் அவளிடம் சொல்லாமலே கிழக்கே பஸ் ஏறினேன். அவளுக்கு ஒரு பாரம் குறையட்டும் என்றுதான் போனேன்.

அக்கா வாசலில் ரப்பர் ஷீட்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. நானே பரணுக்குப் போனேன். கிடா கட்டுகிற மூலை காலியாக இருந்தது. அந்த இடத்தில் விறகு அடுக்கியிருந்தாள்.

கிடா எங்கே என்று கேட்டேன்.

“நீதான சொல்லி விட்ட. பின்ன எங்கிட்ட வந்து கேக்கிய.”

எனக்குப் புரியவில்லை. அவள் ஷீட்டை விரித்து முடித்தாள். பிறகு பாதி எனக்கும் பாதி சுவருக்குமாகச் சொன்னாள். நான் வந்துபோன மூன்றாம் வாரம் என் கூட்டுக்காரி வந்தாளாம். கூட ஒரு ஆண், வாசலில் ஒரு வண்டி. நான் அனுப்பியதாகச் சொன்னாளாம். என் படிவத்தின் நகலை எடுத்து நீட்டினாளாம். ரத்தம் ஒன்றாகிவிட்டது, இனி இந்த மலையில் பிறக்கிற குட்டியெல்லாம் ஊனமாகவும் செத்தும்தான் பிறக்கும், அளந்த பிள்ளைதான் கண்டுபிடித்து எழுதியிருக்கிறது, கிடாவை உடனே கழிக்கவேண்டும், நாங்களே இறைச்சி விலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றாளாம். அக்காவின் மகள் அன்று வீட்டில் இருந்தாள். அவள்தான் குறிப்பையும் அடியிலிருந்த என் பெயரையும் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“எனக்க வீட்டுல இருந்து தின்னுகிட்டே நீ அத எழுதினியே பிள்ளே,” என்றாள் அக்கா. “எங்கிட்ட சிரிச்சிகிட்டு.”

நான் அப்படி எழுதவில்லை, கழிக்கச் சொல்லவில்லை, எனக்கு இது எதுவும் தெரியாது என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. எழுதினது உன் கைதானே என்றாள். ஆமாம் என்றேன். செரி போ, மழை வருது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இறைச்சிக்குப் போய்விட்டது என்றுதான் அன்று நானும் நினைத்தேன். ஏதோ ஒரு வியாபாரியிடம் என் கூட்டுக்காரி ஏமாந்திருப்பாள், அல்லது மேலே யாரோ சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்காக நானே காரணம் தேடினேன். பஸ்ஸில் உட்கார்ந்து அவளுக்குப் போன் செய்ய எடுத்தேன், காய்ச்சலில் கிடக்கிறாளே என்று வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் அதுதான் அதிகமாக வலிக்கிறது.

உண்மை வேறு வழியாக வந்தது. என் மகள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், அம்மா உனக்குப் பிடித்த ஆட்டு வீடியோ என்று காட்டினாள். போத்தன்கோட்டுக்கு அப்பால் ஒரு பண்ணை. கலப்பில்லாத மலைநாட்டு ஆடு, வம்சத்தோடு கிடைக்கும், குட்டிக்கு முன்பதிவு செய்யலாம் என்று ஒருவர் மலையாளத்தில் பேசினார். அவர் என் கூட்டுக்காரியின் புருஷன். கல்யாணத்தில் அவருக்கு நான்தான் சந்தனம் நீட்டினேன். அவருக்குப் பின்னால் மரமேடையில் ஒரு கறுப்புக் கிடா நின்றது. இடது காதில் வெட்டு. கழுத்தில் ஒரு மணி.

ஞாயிற்றுக்கிழமை கழக்கூட்டம் போய், அங்கிருந்து போத்தன்கோடு பஸ், பிறகு ஆட்டோ. பண்ணைக்குத் தகரக் கூரை, பிளாஸ்டிக் துளைத்தரை, ஒவ்வொரு அடைப்பிலும் தண்ணீர்க் குழாய். வாரக் கடைசி என்பதால் ஐடி பார்க்கில் வேலை செய்கிறவர்கள் குழந்தைகளோடு வந்து குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அடைப்பு அடைப்பாக நடந்தேன். நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள பெட்டை, மூன்று குட்டிக்காரி. வால் வளைந்தது. முன்னங்கால் இரண்டும் பழுப்பானது. பன்னிரண்டு ஆடுகளை அடையாளம் கண்டேன். பன்னிரண்டும் நான் டீக்கடையில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னவை. என் படிவங்களே எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள், பிறகு சிரித்தாள். நானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டவேண்டும் என்று இருந்தேன், இன்னும் முழுசாக முடியவில்லை என்று பார்த்தேன் என்றாள். கிடாவைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டேன்.

“வாங்கினது. அவங்க சம்மதிச்சுத்தான் தந்தாங்க.”

“நான் கழிக்கச் சொன்னேன்னு சொல்லி வாங்கினியா?”

“நீ எழுதினதைத்தான் காட்டினேன். நீ எழுதினதுல ஏதாவது கள்ளம் உண்டா?”

இல்லை என்றேன். பின்னே என்ன என்றாள். குட்டி செத்துப் பிறக்கும் என்று நான் எங்கே எழுதினேன் என்று கேட்டேன். அது நடக்கலாம்தானே, நடக்காது என்று உன்னால் சொல்லமுடியுமா என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. அங்கே இருந்தால் அடுத்த கல்யாணத்துக்கு வெட்டியிருப்பார்கள், இங்கே பத்து வருஷம் இருக்கும், அந்த இனமே பிழைக்கும், நல்லதைத்தானே செய்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் அதை நம்புகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

“அப்படின்னா எதுக்கு எங்கிட்ட மறைச்ச?”

அவள் அடைப்பின் கதவைத் திறந்து மூடினாள்.

“ஆட்டைப் பார்த்தா உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது,” என்றாள். “படிச்சவ நான். ஆனா எது நல்லதுன்னு உன் கண்ணுக்குத்தான் தெரியும். அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன். சம்பளம் வாங்கித் தரல்லியா?”

மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தபோது என்னைத் தேடி வந்தாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். கோயிலில் அவள் பேருக்கு அர்ச்சனை செய்திருந்தேன். அங்கே நிற்க முடியவில்லை. டீ குடித்துவிட்டுப் போ என்றாள். நான் வெளியே வந்து, ஆட்டோ கிடைக்கும்வரை ரோட்டோரம் நடந்தேன். அழுகை வரவில்லை. அவளோடு பேசிய பேச்சு ஒவ்வொன்றும் வேறு அர்த்தத்தில் திரும்ப வந்தது. கிழக்கு வட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது, நடுத்துண்டை ஒதுக்கி வைத்தது, எல்லாம். எது நிஜம், எது வேலைக்காக என்று பிரிக்கவே முடியவில்லை.

குழுவின் தலைவரிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். விற்றவரும் வாங்கினவரும் மனமொத்துச் செய்தது, இதில் குழு என்ன செய்யமுடியும் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவளும் தானாகவே விலகிவிட்டாள், அவளுக்குத்தான் பண்ணை இருக்கிறதே.

பன்னிரண்டு வீட்டுக்கும் நேரில் போய் நடந்ததைச் சொல்லவேண்டும் என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர், உனக்கு இது தேவையா என்றார், ஆனாலும் முதல்நாள் கூட வந்தார். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ஒரு பெரியவர், நல்லவேளை கொண்டுபோனார்கள், என் வாழையெல்லாம் கடித்துத் தீர்த்தது என்று சிரித்தார். ஒரு வீட்டில் என்னைப் படியேற விடவில்லை. ஒரு அம்மா கேட்டுவிட்டு, இதை இப்போ சொல்லி என்ன, போனது போச்சு என்று வெந்நீர் தந்தாள். வெள்ளறடை அக்கா முழுதும் கேட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. கிடா உயிரோடு இருக்கிறது என்று சொன்னபோது மட்டும் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

மார்கழியில் அக்காவிடமிருந்து போன் வந்தது. மகளின் போன். கிடா போனபிறகு ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தபோது, வேறு வழியில்லாமல் கீழே டவுன் பக்கம் ஒரு கலப்புக் கிடாவிடம் கொண்டுபோயிருந்தார்கள். அந்தக் கிடா பெட்டையைவிட ஒன்றரை மடங்கு உயரம். ஈனும் நேரத்தில் குட்டி பெரிதாக இருந்து இடுப்பில் அடைத்துக்கொண்டது. டாக்டர் வந்து சேர்வதற்குள் தாயும் போயிற்று, குட்டியும் போயிற்று. இதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அக்கா கேட்டாள்.

“அது எங்க நிக்குதுண்ணு சொன்ன? இஞ்ச ஒண்ணு கிடாய் தேடுது. என்னைக் கூட்டிற்றுப் போவியா?”

மறுநாள் காலையில் பெட்டி ஆட்டோவில் பெட்டையை ஏற்றி, நானும் அக்காவும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து போனோம். நெய்யாற்றின்கரை தாண்டிப் பைபாஸ் வண்டி நெரிசலில் ஆடு கத்திக்கொண்டே வந்தது. அக்கா வழிநெடுகத் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் கிடாவிடம் தன் ஆட்டைச் சேர்க்க, முன்பதிவு செய்து கட்டணம் கட்ட அவள் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு வழிகாட்டி நான்.

பண்ணையில் வேலைக்கு நின்ற அசாம்காரர் கிடாவை அவிழ்த்து வந்தார். தீவனத்தில் நன்றாகத் தடித்திருந்தது. அக்கா அதைக் கூப்பிட்டாள், நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பி. அது அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டையின் வாசனையைத்தான் மோந்தது. மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அக்கா அதன் காலைப் பார்த்தாள். பாறையில் நடக்காததால் குளம்பு செருப்பு நுனிபோல் வளர்ந்து வளைந்திருந்தது.

பெட்டையோடு சேர்ந்து முடிந்ததும் அக்கா ஒரு கத்தி கேட்டாள். அசாம்காரருக்குப் புரியவில்லை, நான் இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னேன். அவர் கொடுத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து, கிடாவின் காலைத் தன் மடியில் வைத்து, நான்கு குளம்பையும் பொறுமையாகச் சீவினாள். கிடா அசையாமல் நின்றது. அதற்குள் என் கூட்டுக்காரி வந்துவிட்டாள். எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றாள். அக்கா நான்காவது குளம்பை முடித்துக் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

“ஆசைப்பட்டியானா ஒரு குட்டியத் தந்திருப்பேனே மோளே. சும்மாவே தந்திருப்பேன்,” என்றாள். “எதுக்கு இவளுக்க பேரைச் சொன்ன?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பதில் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. பிறகு, கட்டணம் வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள் என்றாள். அக்கா முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ரசீது வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். அவள் ரசீது எழுதும்போது தேதியை இரண்டு தடவை தப்பாக எழுதி அடித்தாள். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பத்தாம் வகுப்பில் பரீட்சைத் தாளில் தன் பெயரைக்கூட அவள் அப்படித்தான் அடித்து அடித்து எழுதுவாள்.

இடவப்பாதி மழையில் இரண்டு குட்டி பிறந்தன. ஒன்று கிடா, கறுப்பு. அக்காவின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் நான் அங்கே போவதுண்டு. அக்கா வரவேண்டாம் என்று சொன்னதில்லை. பால் விடாமல் கட்டன்சாயா போட்டுத் தருவாள். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, ரப்பர் விலை இறங்கியது, புருஷனின் முட்டுவலி, என் மகளின் படிப்பு எல்லாவற்றையும் பேசுவாள். ஆட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. பரணிலிருந்து குட்டி கத்தினால், இரு பிள்ளே என்று சொல்லி எழுந்து, போகும்போது அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். நான் அவள் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.